கொருக்குப்பேட்டை கேட்டிலிருந்து தென்மண்டல கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

தென்மண்டல கவுன்சிலின் தலைவர் அவர்களுக்கும், தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், கேரளம், தெலங்கானா முதலமைச்சர்களுக்கும், புதுச்சேரி அரசுக்கும் வணக்கம்.

வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் 23 வருஷமாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். பீடி, சிகரெட், வெற்றிலை, வாழைப்பழம், கடலை மிட்டாய், சாஷே ஷாம்பு. இவ்வளவுதான் என் வியாபாரம். கேட் மூடியிருக்கும் நேரத்தில்தான் எனக்குக் கல்லா நிறையும். வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு நிற்கிறவர்கள் எதையாவது வாங்குவார்கள், எதையாவது பேசுவார்கள். அப்படிக் காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும்தான் இந்த மடலில் பாதி. மீதிப் பாதி என் அக்கா மகனைப் பற்றியது.

உங்கள் கவுன்சில் 1956-ஆம் வருஷத்து மாநில மறுசீரமைப்புச் சட்டத்தில் பிறந்தது. ஒரு மாநிலத்துக்கும் பக்கத்து மாநிலத்துக்கும் நடுவில் இழுபறியாகக் கிடப்பதை ஒரே மேசையில் உட்கார்ந்து பேசத்தான் உங்களைக் கூட்டுகிறார்கள். 2021-இல் திருப்பதியில் கூடினீர்கள், 2022-இல் திருவனந்தபுரத்தில் கூடினீர்கள். ஆற்றுத் தண்ணீரிலிருந்து சொத்துப் பங்கீடு வரை பேசுகிறீர்கள். அந்த மேசையில் இன்னும் ஒன்றையும் வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்று மது விற்கிறதே, அதைப் பேசுங்கள். அந்த விலை வித்தியாசம் வாரத்தில் மூன்று நாள் என் கடை வாசல் வழியாக நடந்து போகிறது.

நடந்து போவது ஓர் அக்கா. பேர் வேண்டாம். ராத்திரி எட்டரை மணிக்கு மேல் ஆந்திரத்துச் சூலூர்பேட்டை பக்கத்திலிருந்து வரும் மின்சார ரயிலில் இறங்குவார். கையில் ஒரு ஒயர் கூடை. மேலே கத்திரிக்காயோ கீரையோ இருக்கும். ஒரு நாள் வெற்றிலை வாங்குவதற்காகக் கூடையை என் கடைப் பலகைமேல் வைத்தார். 'ணங்' என்று ஒரு சத்தம். சோடா பாட்டில் அடுக்கி அடுக்கிப் பழகிய காது எனக்கு. கண்ணாடியும் கண்ணாடியும் மோதினால் எத்தனை துணி சுற்றியிருந்தாலும் தெரிந்துவிடும். அவர் என்னைப் பார்த்தார். "சத்தம் கேட்டுச்சாண்ணா?" என்றார். "கேட்டுச்சும்மா" என்றேன். வேறொன்றும் பேசவில்லை. அடுத்த தடவை வந்தபோது கூடையை வைத்தார், சத்தமே இல்லை. பழைய நைட்டியைக் கிழித்து ஒவ்வொரு பாட்டிலையும் சுற்றி, நடுவில் மடித்த பேப்பர் செருகியிருந்தார். தான் பத்தாவது படிக்க வைக்கிற மகளின் பழைய நோட்டுப் பேப்பர் அது. மேலே தெரிந்த ஒன்றில் கணக்குப் பாடம் சிவப்பு மையில் திருத்தியிருந்தது.

அவர் ஏன் அந்த ரயிலில் போகிறார் என்று நீங்கள் கேட்க வேண்டும். கணக்கு சின்னதுதான். எங்கள் டாஸ்மாக்கில் சாதாரண ரகக் குவார்ட்டர் 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி 10 ரூபாய் ஏறி 140 ஆனது. அதே வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி ஆந்திரத்தில் புதிய மதுக்கொள்கை வந்தது. அரசுக் கடைகள் போய்த் தனியார் கடைகள் வந்தன, 99 ரூபாய்க்கு ஒரு குவார்ட்டர் என்று அரசே அறிவித்தது. ஒரு பாட்டிலுக்கு 41 ரூபாய் வித்தியாசம். பெட்டிக்கு 48 குவார்ட்டர் என்றால் 1,968 ரூபாய். மின்சார ரயில் டிக்கெட் ஒரு டீ, இரண்டு வடை விலைக்குள் அடங்கிவிடும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், இரவு 10 மணிக்கு மூடும். விடிகாலையில் கை நடுங்கிக்கொண்டு நிற்கிறவனுக்கும், காந்தி ஜெயந்தி, மே தினம், மிலாடி நபி என்று கடை மூடும் நாளில் தேடி வருகிறவனுக்கும் அதே பாட்டில் 200-க்கும் 220-க்கும் போகிறது. அந்த லாபத்தில் அக்காவுக்குக் கிடைப்பது பாட்டிலுக்கு 20 ரூபாய். மீதி யாருக்குப் போகிறது என்று அவருக்கும் முழுசாகத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 அக்டோபரிலிருந்து 2024 வரை இதே ரயிலில் கூடை எதிர்த்திசையில் போனது. அப்போது ஆந்திர அரசு தானே கடை நடத்தியது, விலையையும் ஏற்றியது. 2020 மே மாதம் அடுத்தடுத்து இரண்டு தடவையில் மொத்தம் 75 சதவீதம் ஏற்றினார்கள். அந்த ஐந்து வருஷமும் எங்கள் டாஸ்மாக் பாட்டில் ஆந்திர எல்லையில் இருக்கிற தடா ஊருக்கும் அதைத் தாண்டியும் போனது. அங்கே விலை இறங்கியதும் கூடை திரும்பிவிட்டது. மனிதர்கள் அதேதான், ரயில் அதேதான். நீங்கள் ஒரு ஆணையில் கையெழுத்துப் போட்டீர்கள், இங்கே கேட் ஓரத்தில் கூடை திசை மாறியது. இதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்த்தால் ஒருநாளும் பிடிபடாது.

நான் பீடி சிகரெட் விற்கிறவன். அதனால் ஒரு விஷயம் உங்கள் அதிகாரிகளைவிட எனக்குக் கிட்டத்தில் தெரியும். 2017 ஜூலைக்கு முன்னால் சிகரெட்டுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி வேறு வேறாக இருந்தது. அப்போது வெளிமாநிலத்துப் பண்டல் என் கடைக்கு வந்தது. சைக்கிளில் ஒருவர் கொண்டுவருவார், நம் ஏஜென்ட் கொடுக்கும் விலையிலிருந்து குறைத்துக் கொடுப்பார். பில் கேட்டால் சிரிப்பார். ஜிஎஸ்டி வந்தது, நாடு முழுக்கச் சிகரெட்டுக்கு ஒரே வரி ஆனது. அந்த சைக்கிள்காரர் அடுத்த மாதத்திலிருந்து வரவே இல்லை. எந்த போலீசும் அவரைப் பிடிக்கவில்லை. அவர் தொழிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். இன்றைக்கு என் தொழிலில் தடாவிலிருந்து சிகரெட் கடத்தி வருகிறவர் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஆனால் மதுவை மட்டும் ஜிஎஸ்டிக்கு வெளியே வைத்தார்கள், அதன் வரி மாநிலங்கள் கையிலேயே நின்றது. ஏன் நின்றது என்று எனக்குப் புரியாமல் இல்லை. டாஸ்மாக் மூலம் 2024-25-இல் தமிழ்நாட்டு அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். அந்தப் பணத்தில்தான் மகளிர் உரிமைத் தொகையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடக்கிறது என்று சொல்வார்கள். எந்த மாநிலமும் அந்தச் சாவியைக் கையை விட்டுக் கொடுக்காது. சாவியைக் கொடுங்கள் என்று நானும் கேட்கவில்லை.

சிகரெட்டில் கடத்தல் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு எல்லைக்குப் போய்விட்டது. எங்களுக்கு வடக்கே தரை எல்லை, கிழக்கே கடல். கொரியா, இந்தோனேசியா, துபாய் என்று எங்கிருந்தோ வரும் பாக்கெட்டுகள் கன்டெய்னரிலும் விமானத்திலும் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் மது, 100 சிகரெட் கொண்டுவரலாம் என்று விதி. ஒரு கார்ட்டனிலேயே 200 சிகரெட் இருக்கும். அதாவது ஒரு முழு கார்ட்டன்கூட விதிக்குள் அடங்காது. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, துபாய் போய்வந்து கூலிக்குச் சரக்கு சுமக்கும் 'குருவி'கள் ஒரே பயணத்தில் எத்தனை கொண்டுவருகிறார்கள் என்று மண்ணடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குருவி என்ற பேரை வைத்தவர் யாரோ, சரியாக வைத்தார். பறப்பது அது, தானியம் யாருடையதோ.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்து நின்றான். மிட்டாய் பாட்டில் மூடிமேல் ஒரு பாக்கெட்டை வைத்தான். தங்க நிறம், மெலிசு சிகரெட். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நம் பாக்கெட்டில் 2016 ஏப்ரலிலிருந்து 85 சதவீத இடத்தில் புற்றுநோய்ப் படமும் எச்சரிக்கையும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டே வாங்குகிறார்கள் என்றாலும், பார்க்கிறார்கள். இந்தப் பாக்கெட்டில் படமே இல்லை. விலை அச்சடிக்கவில்லை. "ஒரு பாக்கெட்டுக்கு உனக்கு எவ்ளோ நிக்கும் தெரியுமாண்ணா? நீ நாள் பூரா வித்தாலும் நம்ம கம்பெனி சிகரெட்ல இது கெடைக்காது" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. கம்பெனி சிகரெட்டில் எனக்கு நிற்பது பாக்கெட்டுக்குச் சில ரூபாய். 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் நீளத்துக்குத் தகுந்தபடி கலால் வரி என்று ஆன பிறகு அந்தப் பையனின் பேச்சுக்கு இன்னும் வலு வந்திருக்கிறது. நான் வாங்கவில்லை. என் கடையிலிருந்து நாலு கடை தள்ளி ஒருவர் வாங்கினார். லாரி டிரைவர்கள் பாதிப்பேர் இப்போது அங்கே போகிறார்கள். வருத்தம் உண்டு. ஆனால் வரியைக் குறையுங்கள் என்று இதற்காகக் கேட்க மாட்டேன். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பீடி அவர் நுரையீரலைத் தின்றது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டில் அவர் பக்கத்தில் 19 நாள் உட்கார்ந்திருந்தேன். சிகரெட் விலை ஏறட்டும். விலையை ஏற்றுகிற கையே கடல் வாசலையும் காவல் காக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அது மத்திய அரசின் வேலை, கவுன்சிலின் தலைவர் நாற்காலியில் இருப்பவர் உள்துறை அமைச்சர் என்பதால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

குட்கா, ஹான்ஸ் பற்றி நீட்டப் போவதில்லை. 2013-லிருந்து இங்கே தடை. பெங்களூரு பக்கம் ஹான்ஸ் பொட்டலம் கடையில் தொங்குகிறது. கர்நாடக முதலமைச்சர் இந்த ஒரு வரியைப் படித்தால் போதும்.

இனி புதுச்சேரிக்கு வருகிறேன். என் மனசு கனப்பது அங்கேதான்.

பாண்டி சரக்கு சென்னைக்குப் புதிதில்லை. 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் விலக்கு. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1-இல் அவர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் அங்கே கடை மூடவில்லை. லாரி ட்யூபில் சாராயத்தை நிரப்பி இடுப்பில் சுற்றிக்கொண்டு வருவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். 1971-இல் இங்கே விலக்கு தளர்ந்தது, திரும்ப வந்தது, 1981-இல் திரும்பத் தளர்ந்தது. 1987-இல் சாராயத்துக்கும் கள்ளுக்கும் தடை வந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளை டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. எங்கள் சட்டம் இத்தனை தடவை புரண்டு படுத்திருக்கிறது. கோட்டக்குப்பத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தால் எப்போதுமே வேறு சட்டம், வேறு விலை. சாராயமும் கள்ளும் அங்கே இன்றைக்கும் உரிமம் பெற்ற கடையில் கிடைக்கிறது. புதுச்சேரி ஒரே துண்டு நிலமும் இல்லை. காரைக்கால் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியிருக்கிற மாநிலத்துக்கு விலை குறைந்த வாசல். உங்கள் கவுன்சிலில் உட்காருகிற நாலு அரசுகளுக்கு இது ஒரே நேரத்தில் தலைவலி என்பதால்தான் வேறு எங்கும் போகாமல் உங்களிடம் வருகிறேன்.

வயசு ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவனுக்குச் சரக்கு விற்கக் கூடாது. புதுச்சேரியில் 18. போன வருஷம் என் அக்கா மகனுக்கு 20.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். வேலை கிடைக்கும்வரை சாப்பாட்டு டெலிவரிக்கு ஓடினான். மாதம் 4,200 ரூபாய் இஎம்ஐ கட்டி பைக் வாங்கியிருந்தான். அவனோடு ஓடுகிற ஒருவன் சொல்லியிருக்கிறான், பாண்டிக்குப் போய் ஒரு பையை வாங்கிக்கொண்டு வந்தால் 1,500 ரூபாய், பெட்ரோல் தனி. மூன்று தடவை போனான். நாலாவது தடவை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பையில் 96 குவார்ட்டர். இரண்டு பெட்டிக் கணக்கு. ஒவ்வொன்றிலும் புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சிட்டிருந்தது.

அவனைக் கைது செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது, அவன் செய்ததும் தப்புதான். அன்றைக்கு ராத்திரி அவனைப் பார்த்தபோது, "ஏன்டா இதுக்குப் போன?" என்றேன். "அங்க கடையில பில்லு போட்டு குடுக்குறாங்க மாமா. கடைக்காரன் ஒண்ணும் கேக்கல. இருவது வயசுப் பையன் தொண்ணூத்தாறு பாட்டில் வாங்குறானே, எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. கடைல தப்பில்லாதது ரோட்ல எப்டி மாமா தப்பாவும்னு தோணுச்சு" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. பைக் கிடைக்கவில்லை. மதுவிலக்குச் சட்டத்தில் வண்டியைப் பறிமுதல் செய்து ஏலம் விடலாம். மூன்று மாதம் கழித்து ஒரு கையெழுத்துக்காகக் காவல் நிலையத்துக்குப் போனபோது அந்த வளாகத்தின் சுவர் ஓரத்தில் வண்டியைப் பார்த்தேன். நாற்பது ஐம்பது வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எல்லாம் சின்ன வண்டி. பெட்ரோல் டேங்கில் வெள்ளை பெயின்டில் குற்ற எண் எழுதியிருந்தது. அவன் வண்டி ஹெட்லைட்டுக்குள் மழைத்தண்ணீர் நின்றது. சங்கிலியில் கை வைத்தேன், துரு பொடியாக ஒட்டிக்கொண்டது. அந்த வண்டிக்கு அந்த மாதமும் என் அக்கா 4,200 ரூபாய் கட்டியிருந்தாள். வீட்டு வேலைக்குப் போகிறவள். இன்னும் பதினோரு தவணை பாக்கி.

இதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை பேசி வைத்திருந்தோம். துறைமுகத்துக்குள் போய்வர நுழைவுச்சீட்டு வேண்டும், அதற்குக் காவல்துறைச் சான்று வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது சான்று எப்படி வரும்? எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் துறைமுகம், எண்ணூர், மணலி தொழிற்சாலைகள். எந்த வாசலிலும் அந்தச் சீட்டைத்தான் முதலில் கேட்கிறார்கள். 1,500 ரூபாய்க்கு அவன் தூக்கியது 96 பாட்டில் இல்லை, தன் இருபது வருஷத்து வேலையை.

96 பாட்டிலை விற்ற கடைக்கு ஒரு நோட்டீஸ் போனதா? பையை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தவனை யாராவது தேடினார்களா? வழக்கில் இருப்பது ஒரே பேர், என் அக்கா மகனின் பேர்.

இதை மாற்ற முடியும் என்பதற்குச் சாட்சி நீங்களே. 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கு தளர்ந்தபோது புதுச்சேரி அரசு சிறப்பு வரி போட்டு, தமிழ்நாட்டிலும் கிடைக்கிற பிராண்டுகளின் விலையை ஏறக்குறைய எங்கள் விலைக்குக் கொண்டுவந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேரக் கூடாது என்பதற்காகச் செய்தார்கள். சென்னையில் டாஸ்மாக் அந்த ஆகஸ்ட் 18 வரை திறக்கவே இல்லை, அப்படிப்பட்ட நேரம். நோய்க்குப் பயந்து செய்த காரியம்தான், ஆனால் செய்ய முடிந்தது. அடுத்த வருஷம் அந்த வரியை எடுத்துவிட்டார்கள், வித்தியாசம் பழையபடி வந்துவிட்டது. ஒரு வருஷம் செய்ய முடிந்ததை மூன்று அரசுகள் பேசி நிரந்தரமாகச் செய்ய முடியாதா?

சுற்றுலாதான் எங்கள் பிழைப்பு, அதை விட்டுவிட முடியாது என்று புதுச்சேரி சொல்லும். சின்ன ஊர், பெரிய தொழில் இல்லை, அந்தக் கவலை நியாயமானது. கடற்கரைக்கு வந்து உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகிறவரைப் பற்றி நான் பேசவில்லை. அவர் இரண்டு நாள் தங்குகிறார், ஓட்டலுக்குக் காசு, ஆட்டோவுக்குக் காசு. நான் பேசுவது பெட்டி பெட்டியாகக் கடை வாசலைத் தாண்டுகிற சரக்கைப் பற்றி. ஒருவருக்கு இத்தனை பாட்டில்தான் என்ற அளவை எல்லை ஓரக் கடைகளில் நிஜமாகவே கடைப்பிடியுங்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தால் கடைக்காரர் பதில் சொல்லட்டும். குவார்ட்டருக்கு ஒரு குறைந்தபட்ச விலையைத் தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரம் மூன்றும் சேர்ந்து வையுங்கள். அதற்குக் கீழே எவரும் விற்க வேண்டாம். அதற்கு மேலே யார் எவ்வளவு வரி போட்டாலும் வித்தியாசம் பத்து ரூபாய்க்குள் நின்றால் போதும். பத்து ரூபாய்க்காக அந்த அக்கா ராத்திரி ரயிலில் கூடை தூக்க மாட்டார். எனக்குத் தெரியும், அவரிடமே கேட்டேன். "பத்து ரூபாய்க்கா? டிக்கெட்டு, சாப்பாடு, போலீசு பயம் எல்லாம் போனா இன்னாண்ணா மிச்சம்?" என்றார்.

விலையைச் சமப்படுத்து என்றால் உடனே 99 ரூபாயை இங்கே கொண்டுவா என்று புரிந்துகொள்ளாதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், அப்படிச் செய்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் நாற்பது வயசுக்குள் தாலி அறுத்த பெண்கள் ஒன்பது பேர். விலை குறைவாக இருக்கிற பக்கம்தான் ஏற வேண்டும்.

பிறகு அந்த ஹோலோகிராம் ஸ்டிக்கர். பாட்டில் மூடியில் ஒட்டுகிறீர்களே, அது வெறும் அலங்காரமா? பிடிபட்ட பாட்டிலின் எண்ணை வைத்து எந்தக் கிடங்கு, எந்தக் கடை என்று ஒரு மணி நேரத்தில் சொல்ல முடிய வேண்டும். ஒரு மாநிலம் பிடித்தால் அடுத்த மாநிலம் அந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிற ஏற்பாட்டை உங்கள் கவுன்சிலால் செய்ய முடியும். வழக்கு கடைசியில் கூடை தூக்கியவரிடம் முடிவதற்குப் பதில், அங்கிருந்து தொடங்கட்டும்.

கூலிக்குத் தூக்கியவர் முதல் தடவை பிடிபட்டால் அபராதம் போடுங்கள், எச்சரித்து அனுப்புங்கள். வண்டியைப் பறிக்காதீர்கள். தவணையில் இருக்கிற வண்டி அந்தக் குடும்பத்தின் சோறு. சாராய வியாபாரிக்கு எழுதிய 1982-ஆம் வருஷத்துக் குண்டர் சட்டத்தையும், 2024-இல் கடுமையாக்கிய மதுவிலக்குச் சட்டத்தையும் எழுதியவர்கள் மனசில் இருந்தது பெரிய முதலைகள். வலையில் விழுவது கெண்டைக் குஞ்சு.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் சாவு விழுந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் போனார்கள். அவை கடத்தல் பாட்டிலால் வந்த சாவு இல்லை, மெத்தனால் கலந்த சாராயம். ஆனாலும் எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கிக் குடிக்கும் பழக்கம் எங்கள் தெருக்களில் வேரூன்றிவிட்டது. இன்றைக்குக் கூடையில் வருவது கம்பெனிச் சரக்கு. நாளைக்கு அதே பாட்டிலில், அதே மூடியில், வேறு எதையாவது ஊற்றி ஒருவன் கொடுத்தால் அந்த அக்காவுக்கு என்ன தெரியும்? வாங்குகிறவனுக்கு என்ன தெரியும்? வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் விடிகாலையில் வேலைக்குப் போகிறவர்கள் உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் போடுகிறார்கள். அவர்கள் பேர் நாளைக்கு டிவியில் ஓடக் கூடாது.

அக்கா மகன் இப்போது என் கடையில் உட்காருகிறான். காலையில் பால் பாக்கெட் எடுத்து வைக்கிறான், சாயங்காலம் கணக்கு எழுதுகிறான். ராத்திரி ரயில் வரும்போது மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறான். ஏன் என்று நான் கேட்பதில்லை. அந்த அக்கா கூடையோடு இறங்கி வருவார், வெற்றிலை வாங்குவார், மகள் முதல் இடைத்தேர்வில் எத்தனை மார்க் என்று சொல்லிவிட்டுப் போவார்.

அடுத்த வாய்தா வருகிற 12-ஆம் தேதி. அன்றைக்கு அவனோடு நானும் கோர்ட்டுக்குப் போகிறேன். கடை மதியம்வரை பூட்டியிருக்கும். உங்கள் அடுத்த கூட்டத்துக்கு எங்களை மாதிரி ஒருவரைப் பேசக் கூப்பிட்டால், எந்த ஊர் என்றாலும் அன்றைக்கும் பூட்டிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டை கேட் ஓரத்துப் பெட்டிக்கடைக்காரன்